ஏழு நிமிடம் நாற்பத்தெட்டாவது நொடியில் விழுந்த தட்டு

2023 ஜூலை 2, ஞாயிறு, காலை 10.40. மொத்த விமர்சனங்கள்: 18,316.

இதில் பாதி குப்பை. கோபத்தில் சொல்லவில்லை, கணினியில் நிரல் எழுதி ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

'நாலுகட்டை' தளத்தில் பழைய கச்சேரி ஒலிப்பதிவுகளை ஏற்றுகிறோம். கோயில் திருவிழா, கல்யாண வீடு, சபா என்று யார் எங்கே டேப்பில் பிடித்திருந்தாலும் சரி. உறுப்பினர்கள் கேட்டுவிட்டு பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு விமர்சனம் எழுதுகிறார்கள். தளத்தின் முதலாளி விருத்தகிரி அண்ணன், விருத்தாசலத்தில் செல்போன் கடை வைத்திருப்பவர். தொழில்நுட்பம் முழுக்க நான். கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியின் ஒலி ஆய்வகத்தில் மோட்டார்களின் இரைச்சலை அளப்பது வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் இது.

நிரல், ஒருவர் எழுதியதையே திரும்ப எழுதுகிறாரா என்று பார்க்கும். முதல் இடம் 'தேன்மழை' என்ற பெயரில் எழுதும் மதுரை வங்கி மேலாளருக்கு. 'தேனில் நனைந்த நாதம்' என்பதை 340 விமர்சனங்களில் எழுதியிருக்கிறார். அதில் ஒன்று தனித் தவிலுக்கு. தவில் எப்படித் தேனில் நனையும்? தோல் ஊறிப் போய்விடாதா?

இரண்டாம் இடம் 'டெசிபல்_குகன்'. அது நான். 'நடு அலைவரிசை மங்கல், இடப்பக்கம் இரைச்சல்' என்று 290 இடத்தில் இருக்கிறதாம். அது அளவீடு, பாணி அல்ல. தொழில்நுட்பச் சொற்களை எண்ணாதபடி நிரலைத் திருத்தினேன். இப்போது 44-ஆம் இடத்தில் இருக்கிறேன்.

மூன்றாம் இடத்தில் இருப்பதுதான் விசித்திரம். 'வாரம்_ஒன்று'. இந்த ஆள் ஒரே ஒரு ஒலிப்பதிவுக்கு மட்டும் 37 விமர்சனம் எழுதியிருக்கிறார். ஞாயிறுதோறும் ஒன்று. பூவாளூர் தண்டபாணி 1981-இல் லால்குடிப் பக்கம் ஒரு கல்யாண வீட்டில் வாசித்த க்ளாரினெட். எங்கள் தளத்தில் அதிகம் பேர் கொண்டாடிய பதிவு அதுதான். அதற்கு இவர் போட்ட மதிப்பெண்கள்: பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், ஒன்று, பூஜ்யம்...

இப்படியும் பொழுது போகிறது சிலருக்கு.

ஜூலை 4, செவ்வாய்

'மறுபேச்சு விதி' என்று ஒரு முன்மொழிவு போட்டேன். ஒருவருக்கு ஒரு பதிவுக்கு ஒரே விமர்சனம். மற்றவர் சொன்னதையே சொல்லும் விமர்சனங்களில் முதலாவது மட்டும் நிற்கும், மீதி அழியும். மீறுபவர்களின் கணக்கு மூடப்படும். ஜூலை 15 வரை ஓட்டு. நிறைவேறினால் 23-ஆம் தேதி ஞாயிறு மாலை ஆறு மணிக்கு நிரல் தானாக ஓடும்.

மத்தியானத்துக்குள் 130 பதில்கள். தேன்மழை எழுதியது: "தம்பி, ஒரே சாமிக்கு தினமும் அதே அர்ச்சனைதான். அர்ச்சகரை மாற்றச் சொல்வாயா?"

நான்: "சாமி உட்கார்ந்து படிப்பதில்லை. நாங்கள் படிக்க வேண்டியிருக்கிறது."

அடுத்த நிமிடம் விருத்தகிரி அண்ணன் போன்.

"ஏம்ப்பா குகா, அவரு நமக்கு அறுபது டேப்பு குடுத்தவருப்பா. கொஞ்சம் பாத்துப் பேசக்கூடாதா?"

"டேப் கொடுத்ததுக்கு நன்றி சொல்லியாச்சுங்ண்ணே. விமர்சனம் வேற."

"நீ நல்லவன்தான். ஆனா உன் வாயி இருக்கே, அதுக்கு ஒரு வால்யூம் பட்டன் வெச்சிருக்கணும்."

ஓட்டு நிலவரம் நமக்குச் சாதகம்.

ஜூலை 5, புதன்

வாரம்_ஒன்றுக்குத் தனிச்செய்தி: "ஒரே பதிவுக்கு 37 விமர்சனம். காரணம் சொல்லவும்."

பதில் பத்து நிமிடத்தில்: "இத்தனை முறைதான் என்று விதியில் இல்லை. இருந்தால் காட்டவும்."

"விதி வரப் போகிறது."

"வந்ததும் சொல்லவும்."

ஆள் என்னைவிட மோசம்.

ஜூலை 8, சனி

அரை நாள் வேலை. மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் அம்மா, "கண்ணு, மேல் டேங்க் மோட்டாரு சத்தம் ஒரு மாதிரி இருக்குது, போய்ப் பாரு சாமி" என்றார். அப்புறம் பார்க்கிறேன் என்றேன்.

இன்று செய்தது அதைவிட முக்கியம். தண்டபாணி பதிவுக்கு 212 விமர்சனங்கள் இருக்கின்றன. வாரம்_ஒன்று எழுதியவை தனி. அந்த 212-இல் 61 பேர் ஒரே குறையைச் சொல்கிறார்கள். ஏழு நிமிடம் நாற்பத்தெட்டாவது நொடியில் பந்தியில் யாரோ ஒரு எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டுவிடுகிறார்கள். அது சுழன்று சுழன்று அடங்குகிறது. கச்சேரியின் உச்சத்தில் போய் அந்தச் சத்தம். '7:48-இல் பாத்திரச் சத்தம் இடையூறு', 'அந்தத் தட்டு மட்டும் இல்லையென்றால்' என்று ஆறு வருடமாக அதே புலம்பல்.

குறை இருந்தால் சரி செய்ய வேண்டும். புலம்பி என்ன பயன்? இரண்டு மணி நேரத்தில் தட்டை எடுத்துவிட்டேன். மின்விசிறி இரைச்சல், இருமல் இரண்டு, நாற்காலி இழுத்தது ஒன்று, எல்லாம் போயிற்று. க்ளாரினெட்டின் மேல் ஒரு கீறல் இல்லை. பழைய கோப்பை என் கணினிக்கு மாற்றிவிட்டு, அது இருந்த இடத்திலேயே அதே பெயரில் புதியதை வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இதற்கும் ஒரு ஓட்டெடுப்பு நடத்துவார்கள்.

ஜூலை 9, ஞாயிறு

இது வேடிக்கை. இன்று காலை 'சுருதிப்பித்தன்' என்ற பழைய உறுப்பினர் தண்டபாணி பதிவைப் பற்றி எழுதியிருக்கிறார்: "எத்தனை முறை கேட்டாலும் அந்தப் பாத்திரச் சத்தம் இன்றும் காதைக் குத்துகிறது."

இல்லாத சத்தம் காதைக் குத்துகிறதாம். கேட்காமலே எழுதுகிறார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இன்னொருவர் "இன்று ஏனோ கூடுதல் தெளிவு, மனநிலையாக இருக்கலாம்" என்கிறார். மனநிலை இல்லை ஐயா, நான்.

மாலையில் வாரம்_ஒன்றின் 38-ஆவது விமர்சனம் வந்தது. முழுவதும் இவ்வளவுதான்:

"தட்டு எங்கே? ஐந்து முறை கேட்டேன். 7:48-இல் ஒன்றுமில்லை. நிர்வாகி பதில் சொல்லவும்: கோப்பில் மாற்றம் உண்டா? இது எனக்கு முக்கியம்."

தளத்தில் மூவாயிரம் பேர். கண்டுபிடித்தது இந்த ஒருவர்.

"கோப்பு அதே கோப்புதான்" என்று பதில் போட்டேன். பெயர் அதே, நீளம் அதே, இசை அதே. அந்த அர்த்தத்தில் பொய் இல்லை.

ஜூலை 10, திங்கள்

ஏழாம் சோதனை மேடையில் இருந்த பம்பில் பேரிங் சத்தம். மாற்றச் சொன்னேன். வேறொன்றுமில்லை.

ஜூலை 12, புதன்

அழிக்கும் முன் நகல் எடுத்து வைப்பது முறை. அதற்காக வாரம்_ஒன்றின் விமர்சனங்களை முதலிலிருந்து வரிசையாகத் திறந்தேன். படிக்கும் உத்தேசம் இல்லை.

1: "தகரக் கொட்டகை மேல் ஆலங்கட்டி மழை. மனிதர்கள் யாரும் இல்லை. 0."

2: "அதே மழை. 0."

4: "மழைக்குள் ஒரு இடி மட்டும் ஒழுங்காக வருகிறது. அதுதான் தவில் என்று மற்றவர்கள் எழுதியதிலிருந்து யூகிக்கிறேன். 1."

5: "இடியும் போய்விட்டது. 0."

9: "தவில் திரும்பி வந்தது. வலது கை, இடது கை வேறு வேறு. இது நிச்சயம். க்ளாரினெட் எங்கே என்று தெரியவில்லை. எல்லோரும் அழுகிறது என்கிறார்கள். எனக்கு ஒரு கதவு கீச்சிடுகிறது."

14: "தட்டு! 7:48! 61 பேர் சொன்ன அதே இடத்தில்! எனக்கும் விழுந்தது! சுழன்றது! அடங்கியது! 6."

இந்த ஆச்சரியக்குறிகளுக்குக் கீழே உறுப்பினர்கள் கைகொட்டிச் சிரித்திருக்கிறார்கள். "தண்டபாணிக்கு பூஜ்யம், தட்டுக்கு ஆறா?" என்று ஒருவர். தேன்மழைகூட, "ஐயா, நல்ல ஸ்பீக்கர் ஒன்று வாங்கவும்" என்று எழுதியிருக்கிறார்.

31: "தட்டு விழுகிறது. அரை நிமிடம் கழித்து, தவில்காரர் அதே தட்டை இன்னொரு முறை போடுகிறார்." கீழே ஒருவர்: "தவில்காரர் பந்தி பரிமாறினாரோ?"

இவருடைய கருவியில் ஏதோ கோளாறு. ஒலிபெருக்கி கிழிந்திருக்கலாம். ஆனால் கிழிந்த ஒலிபெருக்கி வாரா வாரம் தேறாது. ஒரு பழுது தானாகக் குறைந்துகொண்டே வந்ததை நான் ஆய்வகத்தில் பார்த்ததே இல்லை.

37-ஐயும் படித்து முடித்தேன். மேல் டேங்க் மோட்டாரைப் பார்க்க மறந்துவிட்டேன்.

ஜூலை 16, ஞாயிறு

விதி நிறைவேறியது. ஆதரவு 311, எதிர்ப்பு 208. வரும் ஞாயிறு ஆறு மணிக்கு நிரல் ஓடும். மகிழ்ச்சி.

39-ஆவது விமர்சனம்: "மதுரை போய் வந்தேன். சரிபார்த்து மாற்றி வைத்தார்கள். இப்போது தட்டும் இல்லை, தவிலும் இல்லை. மறுபடி ஆலங்கட்டி மழை. முதல் வாரத்துக்கே வந்துவிட்டேன். 0."

கீழே வழக்கமான சிரிப்பு. மதுரையில் எதைச் சரிபார்த்தார்கள் என்று தனிச்செய்தியில் கேட்டேன். தொழில்நுட்ப ஆர்வம்தான்.

ஜூலை 17, திங்கள்

பதில் வந்திருக்கிறது. அப்படியே எடுத்து எழுதுகிறேன்.

"என் பெயர் ஜெசிந்தா. தூத்துக்குடி. துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் வேலை. முப்பத்தொன்றாவது வயதில் மூளைக்காய்ச்சல் வந்து இரண்டு காதும் போயிற்று. ஐந்து வருடம் ஒன்றும் கேட்கவில்லை. போன அக்டோபரில் காதுக்குள் கருவி பொருத்தினார்கள். உள்ளே சுருண்ட கம்பியில் இருபத்திரண்டு மின்முனைகள். வெளியே காந்தத்தில் ஒட்டும் ஒரு வில்லை. அது சத்தத்தை மின்துடிப்பாக்கி நேரே நரம்புக்கு அனுப்பும். முதல் நாள் என் அம்மா பேசியது தகரம் தட்டுவது போலத்தான் இருந்தது. மூளை பழக வேண்டும், ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள் என்றார்கள். அதனால்தான் ஒரே பதிவு.

ஜனவரியிலிருந்து அந்தத் தட்டுதான் என் அடையாளம். அது கேட்டால் கருவி சரி, நானும் சரி. போன வாரம் அது கேட்கவில்லை. கோப்பு அதே கோப்புதான் என்று நீங்கள் சொன்னீர்கள். அப்படியென்றால் கோளாறு எனக்குள்தான். மதுரை மருத்துவமனையில் உயர்ந்த ஒலி கேட்கவில்லை என்று சொன்னேன். அதற்கேற்ப அமைப்பை மாற்றினார்கள். இப்போது அம்மாவின் பேச்சுகூடப் பிடிபடவில்லை.

ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். நான் கேட்டது சரியா, தப்பா? தட்டு அதில் இருக்கிறதா, இல்லையா?"

பதில் எழுதவில்லை. வேலை அதிகம்.

ஜூலை 18, செவ்வாய்

வேலை ஒன்றும் அதிகமில்லை.

ஜூலை 19, புதன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

சாப்பாட்டு நேரத்தில் ஆய்வகக் கணினியில் மூலக் கோப்பைப் போட்டேன். ஜெசிந்தாவின் 31-ஆவது விமர்சனம் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது: தவில்காரர் அதே தட்டை இன்னொரு முறை போடுகிறார். உளறலா என்று பார்த்துவிட்டால் வேலை முடிந்தது.

தட்டு விழும் இடத்தை வெட்டினேன். விழுந்த தட்டு ஒரு முறை 'டங்' என்று நிற்காது. விளிம்பில் சுழலும். முதலில் அகலமான இடைவெளி, பிறகு குறுகும், குறுகிக் குறுகிக் கடைசியில் ஒரே நடுக்கமாகி, சட்டென்று நிற்கும். அதன் தட்டல்களைக் கோடாகப் போட்டேன். பிறகு அரை நிமிடம் தள்ளி, 8:19-இல், தவிலை எடுத்தேன். அந்த இடத்தை நான் நூறு முறையாவது கேட்டிருப்பேன். அதில் தவில் வேகம் கூடி நிற்கும். வழக்கமான முத்தாய்ப்பு என்றுதான் நினைத்திருந்தேன். அதையும் கோடாகப் போட்டு அடியில் வைத்தேன்.

ஹேமலதா மேடம் டிபன் பாக்ஸோடு பின்னால் வந்து நின்றார். இருபது வருடமாகக் கோடுகளைப் பார்த்தே பேரிங்கின் ஆயுளைச் சொல்பவர்.

"என்ன குகன், ஒரே மோட்டார ரெண்டு தடவ எடுத்து வெச்சிருக்கீங்க?"

"ரெண்டும் ஒண்ணுங்களா மேடம்?"

"கண்ணு தெரியலையா? நிறுத்தும்போது எடுத்ததுதானே? ரெண்டாவதுல கொஞ்சம் லோடு ஜாஸ்தி. என்ன மெஷின் இது?"

"மேல இருக்கறது எவர்சில்வர் தட்டுங்க. கீழ இருக்கறது தவிலுங்க."

அவர் டிபன் பாக்ஸை மேசைமேல் வைத்துவிட்டார். "போடுங்க, கேக்கலாம்."

போட்டேன். தட்டு விழுந்தது. தண்டபாணி ஒரு கணம்கூட நிறுத்தவில்லை. அதே சுரத்தைப் பிடித்து நிற்கிறார். தவில் சத்தமே இல்லை. இதுவரை அதை ஓய்வு என்று நினைத்திருந்தேன். இப்போதுதான் புரிகிறது, அந்தத் தவில்காரர் காதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். தட்டு எப்படி அடங்குகிறது என்று கடைசித் துடிப்புவரை கேட்கிறார். பிறகு தாளத்துக்குள் நுழைந்து, தன் சுற்று வருகிறவரை அதை உள்ளேயே வைத்திருந்து, வலது கை விரல்களில் அந்தத் தட்டை விழவைக்கிறார். அகலமாக, குறுகி, குறுகி, நடுங்கி, நிறுத்துகிறார். நின்ற இடம் தாளத்தின் முதல் அடி. தட்டுக்குத் தாளம் தெரியாது. அவர் அதை மாற்றாமலே தாளத்தில் உட்காரவைத்திருக்கிறார்.

கூட்டத்தில் யாரோ ஒருவர் மட்டும் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை நான் 'இருமல்' என்று நினைத்து எடுத்திருந்தேன்.

மேடம், "இன்னொரு தடவ போடுங்க" என்றார். நாங்கள் சாப்பிடவில்லை.

அந்தத் தவில்காரர் பெயர் எங்கள் தளத்தில் இல்லை. 212 பேரும் 'தவில் பிரமாதம்' என்று தாண்டிப் போயிருக்கிறார்கள். நானும்தான். இருபத்திரண்டு மின்முனை. எங்கள் ஆய்வகத்தில் ஒரு பம்பைக் கேட்கவே முப்பத்திரண்டு சென்சார் வைக்கிறோம். ஜெசிந்தாவுக்கு ராகம் கேட்காது, குரல் பாதி கேட்காது. தட்டலும் இடைவெளியும் மட்டும் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு நாற்பது வருடத்துக்கு முந்திய ஒரு கல்யாண வீட்டில் இரண்டு பேர் மட்டும் அறிந்த ஒன்றைப் பிடித்திருக்கிறார். வாசித்தவர் ஒருவர், சிரித்தவர் ஒருவர். இவர் மூன்றாவது.

அதை நான் துடைத்து வைத்தேன்.

ஜெசிந்தாவுக்கு எழுதினேன்: "பேச வேண்டும். எப்படிப் பேசுவது?"

"சனி மத்தியானம். வீடியோ. வாய் தெரியணும்."

ஜூலை 22, சனி

மூன்று மணிக்கு அழைத்தேன். குட்டை முடி, காதுக்கு மேலே ரூபாய்க் காசு அளவில் கறுப்பு வில்லை. பின்னால் அவருடைய அம்மா கட்டிலில் உட்கார்ந்து பயறு உரித்துக்கொண்டிருந்தார்.

பேச ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தம்பி, மெதுவா. ரயிலா பிடிக்கணும்? அந்த மீசையக் கொஞ்சம் ஒதுக்கிவிடுங்க. உதடு தெரியல."

ஒதுக்கினேன். பிறகு சொன்னேன். தட்டு இருந்தது. நான்தான் எடுத்தேன். நீங்கள் கேட்டபோது பொய் சொன்னேன். மூன்று வாக்கியம்.

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். புரியவில்லையோ என்று திரும்பச் சொல்லப் போனேன்.

"விளங்கிட்டு. ரெண்டு தடவ சொல்ல வேண்டாம்." திரும்பி அம்மாவைப் பார்த்துச் சத்தமாக, "எம்மா! தட்டு இருந்திச்சாம்! இவரு களவாண்டுட்டாராம்!"

அம்மா பயறை வைத்துவிட்டு எழுந்து வந்து என்னைப் பார்த்தார். "இவரா? பாத்தா படிச்ச பிள்ளையாட்டும் இருக்கு."

ஜெசிந்தா சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் கண்ணைத் துடைத்தார். "அப்ப என் காது சரி. ரெண்டு வாரமா எனக்கு என் காது மேல நம்பிக்கையே போயிட்டு தம்பி. அம்மா கூப்பிட்டாக்கூட, நெசமாவே கூப்பிட்டாளா, நானா நினைச்சிக்கிட்டேனான்னு திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டுக் கிடந்தேன். உங்க ஒத்த வரி. 'கோப்பு அதே கோப்புதான்'. என்னா மனுசன்யா நீங்க."

தவிலைப் பற்றிச் சொன்னேன். இரண்டு கோடுகளையும் திரையில் காட்டினேன். அவர் முகத்தைக் கிட்டே கொண்டுவந்து விரலால் திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"இததான சொன்னேன். பந்தி பரிமாறுனாரான்னு கேட்டாங்க."

"இந்தப் பதிவ ஏன் எடுத்தீங்க?" என்றேன்.

"இதுக்குத்தான் 212 பேரு எழுதியிருந்தாங்க. எனக்கு ஒண்ணும் கேக்காதப்ப நான் அத வெச்சிக்கிட்டுத்தான் நடந்தேன். ஒருத்தர் 'அற்புதம்'னு எழுதினா எனக்கு என்ன தெரியும்? அறுபத்தோரு பேரு '7:48, 7:48'ன்னு ஒரே குறைய எழுதினா, அங்க ஏதோ கெடக்கு, தோண்டுன்னு தெரியும். நூறு பேரு '4:10-ல க்ளாரினெட் ஏறுது'ன்னு எழுதியிருக்காங்க. நான் இன்னும் அங்கதான் காத்துக்கிட்டு நிக்கேன். நீங்க நாளைக்கு ஆறு மணிக்கு எல்லாத்தையும் அழிச்சிட்டு ஒண்ண மட்டும் வெக்கப் போறீங்க. ஒருத்தன் சொன்னத நான் எப்படி நம்புவேன்? உங்களையும் ஒருத்தனாத்தான நம்புனேன்?"

ஒரே அளவீட்டை அறுபத்தோரு முறை எடுத்தால் நாங்கள் அதைக் குப்பை என்று சொல்வதில்லை. ஆய்வகத்தில் அதற்குப் பெயர் உறுதி.

வைக்கும்போது அம்மா எட்டிப் பார்த்து, "தம்பி சாப்பிட்டீங்களா?" என்றார். ஜெசிந்தா, "களவாணிக்கு என்ன சாப்பாடு" என்று வைத்துவிட்டார்.

ஜூலை 23, ஞாயிறு

காலையில் மூலக் கோப்பைத் திரும்ப ஏற்றினேன். என் கோப்பை 'தட்டு நீக்கியது, குகன்' என்று பெயரிட்டுப் பக்கத்தில் வைத்தேன், எல்லோரும் பார்க்கட்டும் என்று. ஜெசிந்தாவிடம் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு, நடந்ததை முழுவதும் எழுதிப் போட்டேன். இரண்டு கோடுகளின் படமும் சேர்த்து.

விருத்தகிரி அண்ணன் போனில் கத்தினார். "ஓட்டுப் போட்டாச்சேப்பா! முன்னூத்திப் பதினோரு பேருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"என்னைத் திட்டச் சொல்லுங்ண்ணே."

"அது நீ சொல்லித்தான் நடக்கணுமா? ஆரம்பிச்சிட்டாங்க." பிறகு, "அந்த எட்டு நிமிசத்த இப்பதான் கேட்டேன். கடையில ரெண்டு கஸ்டமர் நின்னாங்க. அப்புறம் வாங்கன்னு அனுப்பிட்டேன்" என்றார். நிரலை நிறுத்தச் சொன்னார். கோப்பு மாற்றும் உரிமையையும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார். சரிதான்.

நாள் முழுக்கத் திட்டு. நியாயமான திட்டு. சுருதிப்பித்தன் தன் 'காதைக் குத்துகிறது' விமர்சனத்தைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டார். தேன்மழை ஐந்து மணிக்கு எழுதினார்: "தட்டு. பிறகு தவில். ஆறு வருடமாக இதை நான் கேட்கவே இல்லை. ஜெசிந்தா அம்மா, ஸ்பீக்கர் வாங்கச் சொன்னதற்கு மன்னிக்கவும்." தேன் இல்லை. ஒரு சொட்டு இல்லை. நானே அசந்துபோனேன். அரை மணியில் திருத்தினார்: "தேனில் நனைந்த தட்டு." ஆள் தேற மாட்டார்.

ஆறு மணிக்கு நிரல் ஓடவில்லை. எண்ணிக்கை 18,400-ஐத் தாண்டிவிட்டது. எல்லாம் 8:19 பற்றி. எல்லோரும் ஒன்றையே எழுதுகிறார்கள்.

40-ஆவது விமர்சனம்: "நான் கேட்டது சரி. மதிப்பெண் பிறகு."

ஜூலை 25, செவ்வாய்

ஜெசிந்தா மதுரையில். பழைய அமைப்பையே திரும்ப வைத்துவிட்டார்களாம். "பஸ் ஹார்ன் பழையபடி அசிங்கமா கேக்குது. நிம்மதி" என்று செய்தி.

மேல் டேங்க் மோட்டாரைப் பார்த்தேன். அம்மா சொன்னது சரி. பேரிங்.

ஜூலை 30, ஞாயிறு

காலையிலிருந்து 41-ஆவது விமர்சனத்துக்குக் காத்திருந்தேன். எழுதுவது அவமானமாக இருந்தாலும் எழுதுகிறேன், பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தேன். நாலரைக்கு வந்தது.

"தட்டு விழுந்தது. தவில் அதை எடுத்தது. இரண்டும் இருக்கின்றன.

இன்று 4:10. நூறு பேர் சொன்ன இடம். கதவு கீச்சிட்டது, வழக்கம்போல. ஆனால் இன்று அது நின்ற இடத்தில் நின்று கீச்சிடவில்லை. மேலே போனது. எவ்வளவு மேலே என்று தெரியாது. எங்கே போய் நின்றது என்றும் தெரியாது. ஆனால் போனது. அம்மாவிடம் கையால் காட்டினேன், இப்படிப் போகிறதா என்று. அம்மா கேட்டுவிட்டு, ஆமா என்று தலையை ஆட்டினாள்.

மதிப்பெண் போடத் தெரியவில்லை."

கணினியில் அலைவடிவத் திரையை மூடிவிட்டு, 4:10-க்குப் போய்க் கேட்டேன். எனக்குக் கண்ணை மூடிக் கேட்டுப் பழக்கமில்லை. கோடு எங்கே என்று கண் தேடியது. அது ஏறியது. இத்தனை வருடத்தில் அதை 'நடு அலைவரிசை மங்கல்' என்று எழுதியிருக்கிறேன். அது ஏறிக்கொண்டே இருந்தது, அந்த மனிதர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏற்றிக்கொண்டே இருந்தார். கையை உயர்த்திப் பார்த்தேன், ஜெசிந்தா காட்டியதுபோல. என் அம்மா உள்ளே வந்து, "என்ன சாமி, ஒட்டடையா?" என்று கேட்டார்.

இனிச் செய்ய வேண்டியது:

1. நிரலைத் திருப்பி எழுதுவது. ஒரே இடத்தை எத்தனை பேர் சொல்கிறார்களோ, அந்த நொடிக்கு நேரே அத்தனை புள்ளி தெரியட்டும். தேன் எண்ணப்படாது. தொழில்நுட்பச் சொற்களும் எண்ணப்படாது, என்னுடையது உட்பட.

2. லால்குடிப் பக்கம் 1981 கல்யாண வீட்டைத் தேடுவது. தவில்காரர் பெயர் வேண்டும். சிரித்தவர் கிடைத்தால் இன்னும் நல்லது.

3. ஹேமலதா மேடத்துக்கு முழுப் பதிவையும் அனுப்புவது. மூன்று முறை நினைவூட்டிவிட்டார்.

4. மீசையை எடுப்பது. அடுத்த சனி மூன்று மணிக்கு மறுபடி வீடியோ. ஜெசிந்தாவின் அம்மா என்னிடம் ஏதோ கேட்க வேண்டுமாம்.

5. தண்டபாணி பதிவுக்கு நான் போட்ட பழைய விமர்சனத்தை அழிக்காமல், கீழே இரண்டாவது ஒன்று எழுதுவது. அடுத்த ஞாயிறு மூன்றாவது.